மொட்டைக்குத் திறந்த கேட்

பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த மறுநாள், குடோன் கேட்டுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மகள் பவித்ராவுக்குக் காய்ச்சல் இறங்கினால் முடி தருவதாக வேண்டுதல். இறங்கிவிட்டது. மீசையையும் சேர்த்தே கொடுத்தேன். துணைக்கு வந்தவன் சூசைராஜ், என்னோடு மூட்டை தூக்குகிறவன். மீசை வைக்காதவன், சின்ன வயசிலேயே முழு வழுக்கை. "உங்க முருகனுக்குக் குடுக்க எங்கிட்ட என்ன மாப்ளே இருக்கு" என்று வழியெல்லாம் சிரிக்க வைத்தான்.

இருவருக்கும் இரண்டு நாள் லீவு போய்விட்டது. மூன்றாவது நாளும் முகம் காட்டாதவன் பேரை, கேட்டில் முகம் பார்த்து ஆளை விடுகிற மெஷினே அழித்துவிடும். அழித்ததைத் திரும்ப ஏற்ற ஒட்டன்சத்திரத்தில் ஆள் கிடையாது. ஏழு மணிச் சங்குக்குள் உள்ளே போயாக வேண்டும்.

முகத்தைக் காட்டினேன். சிவப்பு. தள்ளி நின்று காட்டினேன். சிவப்பு.

"சந்தனத்தைத் துடைங்கண்ணே" என்றான் கேட்டில் நிற்கும் செழியன். தினமும் என்னோடு டீ குடிக்கிற பையன்.

பின்னால் நின்ற கண்ணம்மாள், "கரியால மீசை வரைஞ்சு விடவா கொழுந்தனாரே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் ஆக ஆகச் சிரிப்பு நின்றது. என்னை ஒதுக்கிவிட்டு ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள்.

துண்டால் மண்டையை அழுந்தத் துடைத்துக் கடைசியாகக் காட்டினேன். பச்சை. கம்பி விலகியது. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சூசைராஜ்.

"செழியா, பேரு மாறிருக்குப்பா."

"கேட் திறந்துச்சுல்ல, போங்கண்ணே. உள்ள இருக்கிற ஆளு சொன்னாத்தான் ஆபீஸ்ல காது குடுப்பாங்க. வெளிய நிக்கிறவனை ஆளாவே எடுக்க மாட்டாங்க."

"அப்ப அவன் வந்தா?"

ரோட்டில் பஸ் நின்றது. தூக்குச்சட்டியோடு சூசைராஜ் ஓடி வந்தான்.

ஒரு கால் உள்ளே வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கம்பி மூடிக்கொண்டது.

"நீ காட்டுடா, சீக்கிரம்."

காட்டினான். சிவப்பு. 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

சங்கு ஊதியது.

"ஏன் மாப்ளே வெளிய வந்த?" சூசைராஜுக்கு மூச்சு வாங்கியது. "நீ உள்ள இருந்தா எனக்கும் சேத்துக் கத்தியிருப்பல்ல."

நான் செழியனிடம் திரும்பினேன். "உன் கண்ணுக்கு நாங்க தெரியுறோமா இல்லையா அப்பு?"

"தெரியுதுண்ணே. என் கண்ணை யாரு கேக்குறா."

உள்ளே ஒலிபெருக்கி கூப்பிட்டது. சூசைராஜ், கேரளா லாரிக்கு வரவும். இன்னொரு முறையும் கூப்பிட்டது.

"வாரேன்யா, இங்கதான் நிக்கிறேன்" என்று அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தான். நானும் சேர்ந்து கத்தினேன். மூட்டை தூக்கிப் பழகிய குரல்கள், ரோடு தாண்டிக் கேட்கும்.

உள்ளே போயிருந்த கண்ணம்மாள் திரும்பி எங்களைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருந்த கேமராவையும் பார்த்தாள். பிறகு வெங்காயக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லாரிப் பக்கம் போனாள்.