கேள்வி நாளில் அழைத்த பெயர்

திருவிருந்து வாரத்து வெள்ளிக்கிழமையில் எங்கள் தீவுச் சபையில் பிரசங்கம் கிடையாது. கேள்வி நாள் என்று நாங்கள் சொல்லும் அன்று பேசுவது சபையார்தான். மூப்பர் ஒருவர் ஒரு வசனத்தைச் சொல்லி, மெய்யான விசுவாசிக்கு அடையாளம் என்ன என்று கேட்பார். போதகர் கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்து ஆண்களைப் பெயர் சொல்லி அழைப்பார். மீன் பிடிக்கிறவரும் தறி நெய்கிறவரும் எழுந்து, தம் வாழ்க்கையில் கண்டதைச் சொல்வார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூப்பர்களில் நானும் ஒருவன்; பட்டியல் எழுதுவது பதினெட்டு வருடமாக என் வேலை. போன முறைத் தாளைப் பார்த்து இந்த முறைத் தாளை எழுதுவேன்.

திருவிருந்து வந்த அந்தச் செப்டம்பரில் என் மனமெல்லாம் எங்கள் சபையைச் சேர்ந்த ஃபின்லேயிடம் இருந்தது. மார்ச் மாதம் அவனுடைய ஒரே மகன் ரோரி கடலில் போட்ட நண்டுக் கூடைகளைத் தூக்கப் போனான். படகு மட்டும் கிடைத்தது. அதன்பிறகும் ஃபின்லே ஆலயத்துக்கு வந்தான். சங்கீதம் பாடும்போது அவன் உதடு அசையவில்லை. அவன் மனைவி கிர்ஸ்டி வியாழக்கிழமை என்னை வாசலில் நிறுத்தினாள்.

"ஏங்கஸ், அவர எப்படியாச்சும் திருவிருந்து மேசைக்குக் கூட்டிட்டு வாங்க. தனியாப் போய் உக்கார எனக்குப் பயமா இருக்கு."

"வருவான் கிர்ஸ்டி. நான் பேசுறேன்" என்றேன்.

வெள்ளியன்று வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்திருந்தார். முதலில் தறிக்கார மர்டக் பேசினார். "இவரு முடிக்கிறதுக்குள்ள உருளக்கிழங்கு முளச்சிரும்" என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. போதகர் தாளைப் பார்த்தார்.

"ரோரி மக்காஸ்கில்."

அந்தப் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். பழைய தாளிலிருந்து, யோசிக்காமல், அழகான கையெழுத்தில்.

யாரும் அசையவில்லை. எங்களில் பலர் கூச்சப்பட்டு முதல் அழைப்புக்கு எழ மாட்டார்கள். போதகர் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கனிவாகச் சிரித்து மறுபடியும் அழைத்தார். "தம்பி ரோரி, ரெண்டு வார்த்த போதும்."

நான் எழுவதற்குள் கிர்ஸ்டி எழுந்துவிட்டாள். எங்கள் ஆலயத்தில் கேள்வி நாளில் ஒரு பெண் எழுந்து நான் பார்த்ததில்லை. அவள் பேசவில்லை. முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபின்லே மெல்ல எழுந்து அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்தான்.

"அவன் இல்ல ஐயா. மார்ச்சுல கடல் எடுத்துக்கிச்சு. நான் அவன் அப்பா."

போதகர் தாளைக் கீழே வைத்தார். "மன்னிச்சிருங்க. நீங்க உக்காருங்க."

"எந்திரிச்சாச்சு, சொல்லிடுறேன். கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆறு மாசமா நான் ஜெபம் பண்ணல. வாயத் தொறந்தா வேற வார்த்ததான் வருது. ஆனா ஒண்ணு பாத்தேன். பக்கத்து வீட்டு அலஸ்டர் தினம் விடியும்போது கரையோரமா நடக்குறான். மழையிலயும் நடக்குறான். கேட்டா சிப்பி பொறுக்கன்னு சொல்றான். கையில வாளி இருக்காது. எம்மவன் கரை ஒதுங்குனா அது கிர்ஸ்டி கண்ணுல முதல்ல படக்கூடாதுன்னு நடக்குறான்."

கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"அவன் இந்த மேசைக்கு ஒரு நாளும் வந்ததில்ல. தகுதி இல்லன்னு சொல்லுவான். அது அடையாளமா இல்லையா, எனக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்குறது அவ்வளவுதான்."

உட்கார்ந்தான். கடைசி வரிசையில் அலஸ்டர் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நான் ஃபின்லேயையும் கிர்ஸ்டியையும் நிறுத்தினேன். "அந்தப் பட்டியல எழுதுனது நான்."

"உன் எழுத்துன்னு தெரியும். பதினெட்டு வருசமா வேற யாரு எழுதுனா?" என்றான் ஃபின்லே. குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை.

கிர்ஸ்டி சொன்னாள்: "சபையில பேரு கூப்பிட்டா எந்திரிக்கணும்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். யாராவது எந்திரிக்கணும்ல ஏங்கஸ்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, விசுவாசத்தோடு மேசைக்கு வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டுப் போன்ற ஈய வில்லைகளைக் கொடுப்பதும் நான்தான். கிர்ஸ்டி கை நீட்டி ஒன்றை வாங்கினாள். ஃபின்லே கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என்னால பொய் சொல்ல முடியாது ஏங்கஸ்" என்றான்.

ஞாயிறன்று விடியும்போது கரைக்குப் போனேன். ஓய்வுநாளில் எங்கள் ஊரில் யாரும் காரணமின்றி வெளியே நடப்பதில்லை. அலஸ்டர் பாறைகளுக்கு அருகில் நின்றான். மூப்பர் வருவதைக் கண்டு தொப்பியைக் கழற்றினான்.

"ஓய்வுநாள்ல நடக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. எந்தப் பக்கம் பாக்கணும்னு சொல்லு."

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். "வடக்கால போங்க. பாசி வழுக்கும், பாத்து" என்றான்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆலயத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குக் கிர்ஸ்டி தனியாக நடந்து வந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு மறுபக்கம் இருந்த நான், அவளிடமிருந்து அப்பத்தட்டைக் கை நீட்டி வாங்க வேண்டியிருந்தது. ஃபின்லே கடைசி வரிசையில் இருந்தான். அவனை ஒட்டி, தோளோடு தோளாக, அலஸ்டர் உட்கார்ந்திருந்தான். அலஸ்டரின் காலணிகளில் இன்னும் மணல் இருந்தது.