காகிதத்தில் பிடித்த மழை

2003 புரட்டாசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, தாயில்பட்டியில் இருளம்மாள் வெட்டி ஒட்டியிருந்த காகிதப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. கீழே வைத்த வாளி நிறைய ஒரு மணி நேரம் ஆனது. பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் குழாய் சுற்றுகிறவள் அவள். சிவகாசி அச்சகங்கள் கழித்துப்போட்ட காலண்டர்த் தாள்களை வெட்டி, பிறந்த ஊரான மல்லாங்கிணற்றை ஐந்து அடுக்காக ஒட்டியிருந்தாள். அடியில் வானம், அதன்மேல் பனைகள், கண்மாய்க்கரை, தம்பி செழியனின் மூன்று ஏக்கர் கரிசல், எல்லாவற்றுக்கும் முன்னால் மெல்லிசாக நறுக்கிய மழை. அவளுக்கு ஒன்பது வயதில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த வருஷத்து மழை அது.

வெடி காயப்போடும் தீபாவளி சீசனில் இதென்ன என்று பக்கத்து வீட்டார் முகம் சுளித்ததோடு சரி. இருளம்மாளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மல்லாங்கிணற்றில் மூன்று வருஷமாக மழையில்லை. இந்த வெள்ளிக்குள் விதைக்க முடியாவிட்டால் நிலத்தைப் போட்டுவிட்டு வெடிமருந்து அறை வேலைக்கு வருவதாகச் செழியன் கம்பெனியில் பெயர் கொடுத்திருந்தான். அதே அறையில்தான் அவள் புருஷன் ஊர்க்காவலன் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார். தம்பியையும் அங்கே நுழைய விடுவதாக இல்லை அவள். "வியாழக்கிழமை மழையோட வாரேன். விதையை வித்துறாதலே!" என்று போனில் கத்தினாள்.

புதன்கிழமை காலையில் ஊர்க்காவலன் அந்தப் படத்தைப் பார்த்தார். பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஒட்டிய எதையும் வெயிலில் போட்டே பழகிய மனுஷன், யோசிக்காமல் அதையும் களத்தில் வெடிகளோடு காயப்போட்டுவிட்டார். மதியத்துக்குள் மழை மொரமொரவென்று காய்ந்து உதிர்ந்தது.

"வெடியக் காயவைக்கிற மாதிரி மழையவும் காயவச்சுட்டீகளே! அது எந்தம்பி உசுரில்லையா?" என்று இருளம்மாள் அழுதாள். அழுதுகொண்டே வேறு தாளை எடுத்து வெட்டினாள். அவசரத்தில் வெட்டியதில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஊர்க்காவலன், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு மழையைப் பற்றிச் சொன்னார். விபத்தன்று சட்டையில் தீயோடு அவர் வெளியே ஓடியபோது, எங்கிருந்தோ ஒரு கோடை மழை சடசடவென்று இறங்கி அணைத்ததாம்.

"சொட்டு ஒவ்வொன்னும் புளியங்கொட்டை அம்புட்டு இருந்துச்சு புள்ள. நான் தாளைப் பிடிக்கேன், நீ வெட்டு."

மிச்சமிருந்த மூன்று விரலால் அவர் தாளை இழுத்துப் பிடிக்க, அவள் தடிமனாக, சாய்வாக வெட்டினாள். ஒட்டுவதற்கு முன்பே இருவர் மடியும் நனைந்துவிட்டன.

மறுநாள் விருதுநகரில், மல்லாங்கிணறு வழியாகப் போகும் காரியாபட்டி பஸ் ஏறினார்கள். கண்டக்டர் ஈர லக்கேஜ் என்று தனி டிக்கெட் கிழித்தார். செழியனின் வரப்பு வேம்பில் படத்தை மாட்டியதும், மழை மூன்று ஏக்கரையும் பிடித்தது; பக்கத்துப் புஞ்சைக்காரரும் நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை செழியன் சோளம் விதைத்தான். ஐந்தாம் நாள் முளை கண்டதும் போன் வந்தது. "கம்பெனியில எம்பேரை அடிச்சிரச் சொல்லுக்கா."

போர்மேன் முத்துராமலிங்கம் பெயரை அடித்தார். எதிரே காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், வேலை நின்ற நாட்களுக்கு எழுதுவதைப் போலவே 'மழை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.