செவலையின் மூட்டு வீக்கம்

வளர்ப்பு நாய் செவலை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றபோது மூட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. வாதம்தான் என்று சென்னியப்பன் ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார். சங்ககிரிப் பக்கம் எந்தக் காட்டில் எருது நொண்டினாலும் சூடு போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் கைராசியில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மனைவி வள்ளியாத்தாள் நாயின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூட்டின் மேல் இரண்டு கோடு இழுத்தார். அது திமிறவில்லை. அவரையே பார்த்தது.

நாலாம் நாள் அந்த வீக்கம் வடிந்து பின்னங்கால் வீங்கியது. சூட்டுக்குப் பயந்து வாதம் இடம் மாறிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் செவலை சாப்பாட்டை விட்டிருந்தது. குட்டியிலிருந்தே அவர் கையால் உருட்டிக் கொடுத்தாலொழிய எதையும் தின்னாத நாய். இப்போது அந்தக் கை நீண்டாலே சுருண்டுகொண்டது.

கூடையில் வைத்துச் சைக்கிளில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் காதை மடித்துக் காட்டினார். உள்ளே ஆமணக்கு விதைபோல உண்ணிகள்.

"மூட்டு வீங்க எத்தனையோ காரணம் இருக்குதுங்க. அடிபட்டாலும் வீங்கும், வயசானாலும் வீங்கும். இது உண்ணிக் காய்ச்சல். காலுக்குக் கால் மாறும்."

"அப்ப நான் போட்ட சூடுங்க?"

டாக்டர் புண்ணைப் பார்த்தார். "அது வெறும் வலிதானுங்க."

மாத்திரை உள்ளே போகாவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்றும் சொன்னார்.

வீட்டில் வள்ளியாத்தாள் செவலையிடம் கெஞ்சிப் பார்த்தாள். "எங்கிட்ட வாயே தொறக்க மாட்டீங்குதுங்க. நீங்களே பாருங்க" என்று மாத்திரை பொதிந்த களி உருண்டையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

எதிரே இருந்தால் மிரளுமென்று வேப்பமரத்தடியில் செவலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். உருண்டையை வைத்த கையைப் பின்னால் நீட்டிக்கொண்டார். கடலைக்காட்டின் மேல் கானல் ஓடியது. தூரத்தில் சங்ககிரிக் கோட்டைமலை அடி நனையாமல் அதில் மிதந்தது. கண் செருகியது. அவர் சூடு போட்ட எருதுகளெல்லாம் வரப்பில் வந்து நின்றன. ஒன்றுக்கும் கோபமில்லை. ஒவ்வொன்றாக முழங்காலைக் காட்டிவிட்டுப் போயின. எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை. அழுகை வந்தது.

விழித்தபோது கை மரத்துப்போயிருந்தது. பின்னால் சருகு நொறுங்கியது. மூன்று கால்கள் வைக்கும் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. திரும்பிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது.

ஈர மூக்கு விரல் நுனியில் பட்டது. பட்டு, விலகியது. சென்னியப்பன் கையை அப்படியே வைத்திருந்தார்.