பொன்னி எழுத்து யாரிடமாவது இருக்கிறதா

"ஃபார்மட் பண்ணாதடான்னு எத்தினி தடவ சொன்னேன்? சொன்னேனா இல்லியா?"

"நான் பண்ணலக்கா. நான் ரிப்பேர்தான் போட்டேன்."

"நீ பண்ணல, நானும் பண்ணல. அப்ப யாரு பண்ணது? உங்க மாமாவா? அவருக்கு டிவியில சேனல் வெக்கவே நான் போயி நிக்கணும்."

"ரிப்பேர் போட்டா எழுத்து போவாதுக்கா. அது அங்கியேதான் கெடக்கும்."

"கெடக்குதுன்னா எடுத்துக் குடு. சிதம்பரத்துல அவ்ளோ பெரிய போர்டு மாட்டி வெச்சிருக்கியே, எதுக்கு? அக்கா ஊட்டு கம்ப்யூட்டர நாசம் பண்றதுக்கா?"

முதல் ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என் மனைவி வெண்மதியும், சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அவள் தம்பி நடனசபாபதியும்தான். கழுவின காலையே திரும்பவும் கழுவினேன். உள்ளே போனால் நானும் பேச வேண்டியிருக்கும்.

எவ்வளவு நேரம் கழுவ முடியும். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நீங்க கூடத்தான இருந்தீங்க?" என்றாள் வெண்மதி.

சபாபதி என்னையே பார்த்தான்.

"கரண்டு வந்து வந்து போச்சுல்ல. அதுல எதுனா ஆயிருக்கும்" என்றேன்.

அவன் பார்வையை எடுக்கவில்லை. அப்புறம், "ஆயிருக்கும் மாமா" என்றான். அக்காவிடம் திரும்பி, "சரிக்கா, நான் பண்ணதாவே இருக்கட்டும். கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவனுக்காக வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். தொடாமல் போனான். இது அக்டோபர் மாதக் கடைசியில் நடந்தது. தீபாவளிக்கு அவன் வரவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் வராத தீபாவளி இதுதான்.

என் பெயர் தேவநாதன். வயது நாற்பத்தொன்பது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாது என்பதைவிட, கொஞ்சம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த வினை அதுதான்.

வெண்மதி நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. சிதம்பரம் பக்கத்தில் அவள் பிறந்த தெருவில் பெண்பிள்ளைகளில் முதலில் பத்தாவது தாண்டியவள். நாற்பத்து மூன்று வயதில் எம்.ஃபில். சேர்ந்தாள். கடலூர்க் கரையோர மீனவர்களின் தொழிற்சொற்கள், அதுதான் ஆய்வுத் தலைப்பு. காற்று, நீரோட்டம், வலை, மீன், கட்டுமரத்தின் ஒவ்வொரு பாகம், எல்லாவற்றுக்கும் கடலோரத்து ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். இரண்டு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம் என்று போய்விடுவாள். சோனாங்குப்பத்தில் பூவம்மாள் என்று ஓர் அம்மா. மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். "இத எழுதி இன்னா பண்ணப் போற டீச்சரு, கருவாடு கட்டவா?" என்று கேட்பாராம். அறுநூற்றுச் சொச்சம் சொற்களில் பாதிக்கு மேல் அந்த அம்மா சொன்னவை. இந்த வருஷம் ஆடி மாதம் இறந்துவிட்டார்.

கையால் எழுதின நோட்டுகள் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருஷம் டிசம்பர் கடைசியில் வந்த 'தானே' புயலில் எங்கள் வீட்டு மேல் ஷீட்டு பறந்தது. பரணில் இருந்த நோட்டுகள் கூழாகிவிட்டன. கம்ப்யூட்டரை மட்டும் நான் பாலித்தீன் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன், அது பிழைத்தது. "நல்லவேள, எல்லாம் உள்ள ஏத்திட்டேன்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். முழுசும் முடித்துவிட்டு ஒரே தடவையாக அச்செடுக்கலாம் என்று இருந்தாள். இருநூற்றுப் பதினான்கு பக்கம் ஆகியிருந்தது.

அந்த இருநூற்றுப் பதினான்கு பக்கமும் இப்போதும் இருக்கிறது. ஒரு பக்கம் குறையவில்லை. படிக்கத்தான் முடியவில்லை.

காரணம் எழுத்துரு. முதுநகரில் லூர்துசாமி என்பவர் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுப்பார். ஏதோ ஒரு பழைய தமிழ் எழுத்தை எடுத்து, தன் வசதிக்கு எழுத்துகளை இடம் மாற்றி, சிலதைத் தானே வரைந்து சேர்த்து, தன் மகள் பெயரை அதற்கு வைத்திருந்தார். பொன்னி. அதையும் அதில் அடிப்பதற்கான சின்ன மென்பொருளையும் கேட்டவர்களுக்கெல்லாம் ஃப்ளாப்பியில் போட்டுச் சும்மாவே கொடுத்தார். வெண்மதி அதில்தான் பழகினாள். அவளுக்குக் கொடுத்த ஃப்ளாப்பியும் பரணில் நோட்டுகளோடு நனைந்து போனது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தம்பி இரண்டு மூன்று தடவை சொன்னான். "இத முடிச்சிட்டு மாறிக்கிறேன்டா" என்றாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்துப் பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, கம்ப்யூட்டர் தானாக நின்று நின்று கிளம்ப ஆரம்பித்தது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாபதி விண்டோஸ் எக்ஸ்பி சிடியோடு வந்தான். இந்த வருஷம் கரண்ட் இருக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். எங்கள் யூபிஎஸ் ஏழு நிமிஷம் தாங்கும். ஃபார்மட் பண்ணி அழிக்காமல், இருக்கிற விண்டோஸை மட்டும் சரிசெய்ய அவன் காலையில் ரிப்பேர் போட்டான், முப்பத்து நான்கு நிமிஷம் மீதி என்று காட்டும்போது கரண்ட் போனது. திரும்ப வந்ததும் போட்டான், திரும்பவும் போனது. கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு மணிக்குக் கிளம்பினான். வெண்மதி அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் வேலையாகப் போயிருந்தாள்.

போகும்போது என்னிடம் சொன்னான்: "மாமா, கரண்டு வந்ததும் சிடிய போட்டு ஆன் பண்ணுங்க. மொதல் தடவ கேக்கும்போது என்டர். அப்புறம் எஃப் எட்டு. ரெண்டாவது தடவ கேக்கும்போதுதான் ஆர். வேற எதையும் தொடாதீங்க. ஆர் வரலன்னா அப்டியே ஆஃப் பண்ணிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. ஃபார்மட் மட்டும் வாணாம். அக்கா எழுத்து சி டிரைவுக்குள்ள இருக்கு."

நான் அதை நோட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டேன். கம்பெனியில் எனக்கு அதுதான் பழக்கம். ஒரு வால்வைத் திறக்க வேண்டுமென்றால் பெர்மிட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு வால்வைத் தொட்டதில்லை.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. என்டர் தட்டினேன். எஃப் எட்டு தட்டினேன். ரிப்பேர் என்ற வரியே வரவில்லை. பாதியில் நின்றதில் பழைய விண்டோஸை அது அடையாளம் காணவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. நீலத் திரையில் சி, டி என்று இரண்டு வரி மட்டும் இருந்தது. திரும்ப ஆரம்பித்தேன். மறுபடியும் அதேதான். அவனுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை. எடுக்கவில்லை, கடையில் வேலையாக இருந்திருப்பான்.

காத்திருந்திருக்கலாம். அவள் ஆறு மணிக்கு வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஃபைல் எல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். 'அக்கா எழுத்து' என்று அவன் சொன்னதை, அவள் எழுதினது என்று நினைத்துக்கொண்டேனா என்றால், இல்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது பொய். எழுத்துரு என்பது எனக்குப் புரிந்தது. போனால் இன்னொரு தடவை ஏற்றிக்கொள்ளலாம், கடைத்தெருவில் கிடைக்காத தமிழ் எழுத்தா என்றுதான் நினைத்தேன். சி டிரைவில் நிறுத்தி ஃபார்மட் கொடுத்தேன். மஞ்சள் கோடு நூறு வரை போனது. கரண்ட் போகவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து இரண்டு மணி நேரம் முழுசாக இருந்தது.

வெண்மதி வந்ததும், "ரெடி" என்றேன். தம்பியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. மறுநாள் வேறு தமிழ் எழுத்துகளைப் போட்டுப் பார்த்தோம். தமிழ் வந்தது, ஆனால் ஒரு வார்த்தை வார்த்தையாக இல்லை. அவள் ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள். பைத்தியம் பேசுவது மாதிரி இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சபாபதி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் போய் அழிந்ததை மீட்கிற மென்பொருளெல்லாம் போட்டுப் பார்த்தான். எழுத்து இருந்த இடத்தின் மேலேயே புது விண்டோஸ் உட்கார்ந்துவிட்டது. லூர்துசாமி இப்போது மகன் வீட்டில் ஓசூரில் இருக்கிறார். நம்பர் பிடித்துப் பேசினேன். "அந்தக் கம்ப்யூட்டர எடைக்குப் போட்டு நாலு வருஷம் ஆச்சுங்க. ஃப்ளாப்பி எல்லாம் பசங்க வெளையாடித் தூக்கிப் போட்டுடுச்சு" என்றார். பாவம், அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நெறியாளரிடம் முதலில் கொடுத்த நான்கு பக்கச் சுருக்கம் அச்சில் இருந்தது. அதன் ஃபைலும் டி டிரைவில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கலாம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஷிப்ட் முடிந்து வந்து தினம் மூன்று மணி நேரம். நூற்றுக்கு மேல் கிடைத்தது. நான்கு பக்கத்தில் எல்லா எழுத்தும் வராதே, முப்பது முப்பத்தைந்து குறிகள் பாக்கி நின்றன.

சாதாரணத் தமிழ் என்றால் ஓர் எழுத்து விட்டாலும் ஊகித்துவிடலாம். அவள் எழுதின விளக்கமெல்லாம் அப்படித்தான் வந்தது. அப்படிக் கிடைத்தது போக, விளக்கத்தில் எங்கும் வராமல் சொற்களில் மட்டும் வருகிற குறிகள் மிஞ்சின. ஆனால் அந்தக் கடலோரச் சொற்களை எப்படி ஊகிப்பது? 'சு', ஒரு காலிக் கட்டம், 'ணி'. எதிரே விளக்கம் சுத்தமாகப் படிக்க முடிகிறது: ஆழம் குறைந்த இடத்தில் அலை மடங்குவது. நடுவில் என்ன எழுத்து? வெண்மதிக்கு அறுநூறும் மனப்பாடமா என்ன. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சோனாங்குப்பம் போனாள். பூவம்மாள் மருமகள், "அது எங்க மாமியா காலத்துப் பேச்சு டீச்சர், நாங்க அப்டி சொல்றதில்ல" என்றாளாம். இப்படி நூற்றெண்பது சொற்கள் ஓட்டையோடு நிற்கின்றன.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் நோட்டில் குனிந்திருந்தேன். வெண்மதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டு ஆளு கெடுத்துட்டுப் போனான். நீங்க ஒக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்றீங்க" என்றாள். என் தோளில் கை வைத்திருந்தாள்.

அதற்கு மேல் முடியவில்லை. "ஃபார்மட் நான்தான் குடுத்தேன்" என்றேன்.

கையை எடுத்தாள். போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டேய், உங்க மாமாதான் ஃபார்மட் பண்ணியிருக்காரு."

"தெரியும்க்கா."

"எப்டித் தெரியும்?"

"இன்ஸ்டால் ஆன நேரம் அதுலியே இருக்கும்க்கா. அஞ்சு இருவது. அப்ப நான் சிதம்பரத்துல கடையில இருக்கேன்."

"தெரிஞ்சிக்கிட்டே ஏன்டா வாங்கிக் கட்டிக்கின?"

"மாமா சொல்லுவாருன்னு பாத்தேன்" என்றான்.

போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அவன் பட்டினியா போனான்." பிறகு நோட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். இப்போது அவளே உட்கார்ந்து கட்டம் நிரப்புகிறாள். நான் கிட்டே போனால் மூடி வைத்துவிடுகிறாள். சாப்பாடு வைக்கிறாள், குழம்பு போதுமா என்று கேட்கிறாள். வேறு பேச்சு இல்லை. சபாபதிக்கு நான் போன் செய்தேன். எடுத்தான், "வுடுங்க மாமா" என்றான், வைத்துவிட்டான்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசித் தேதி டிசம்பர் 31. நெறியாளர் ஏற்கெனவே ஒரு தடவை தவணை வாங்கிக் கொடுத்துவிட்டார், இனிமேல் கிடையாது. நூற்றெண்பது ஓட்டையோடு கொடுக்க மாட்டேன், கொடுக்காமலே இருந்துவிடுகிறேன் என்கிறாள். இதை எழுதும்போது தேதி டிசம்பர் 9.

கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பேசுகிற இந்த இடத்தில் இவ்வளவு வீட்டுக் கதை எழுதினதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் கேட்டால், பத்து பேர் பத்து விதமாக வேறு எழுத்தை அனுப்புவீர்கள். எனக்கு வேண்டியது பொன்னி ஒன்றுதான். லூர்துசாமி 2003-லிருந்து 2007 வரை அதைக் கொடுத்ததாகச் சொல்கிறார். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம், லால்பேட்டை அச்சகக்காரர்களுக்கும், டைப்பிங் இன்ஸ்டிடியூட்காரர்களுக்கும், நிறைய ஆசிரியர்களுக்கும் கொடுத்திருக்கிறார். யார் யார் என்று அவருக்கு நினைவில்லை. உங்கள் வீட்டிலோ கடையிலோ மூலையில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தால் தயவுசெய்து ஆன் செய்து பாருங்கள். சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ். அதில் பொன்னி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பவில்லை என்றால் நீங்களே எதுவும் செய்து பார்க்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். இருந்தால் உடனே கீழே பதில் போடுங்கள். தேடிப் பார்த்து இல்லை என்றாலும், எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லி, இல்லை என்று ஒரு வரியாவது பதில் போடுங்கள்.