பலகையில் மாப்பிள்ளையின் விரல்

தினமும் காலை பதினோரு மணிக்கு என் மாப்பிள்ளை வேலைக்கு வந்துவிடுவான். அவன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

மேசை மேல் கிடக்கும் பலகை தானாக விழித்துக்கொள்ளும். யாரும் தொடாமலே இணையப் பக்கம் ஒன்று திறக்கும், மேலே போகும், கீழே வரும், பெட்டிக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும். கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். அதில் மெதுவாக ஒரு வட்டம் வரையப்படும். வட்டம் மூடியதும் அடியில் பச்சையாக 'சரி' என்று தோன்றும். மொத்தம் நான்கு நிமிடம்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவன் உயிரோடிருந்தபோது அவன் விரல் திரையில் எங்கே பட்டது, எப்படி நகர்ந்தது என்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தோம். நிரலில் எதை மாற்றினாலும் அந்தப் பதிவை ஓட்டிப் பார்ப்போம். பழைய தொடுதலுக்குப் பலகை பழையபடியே பதில் சொன்னால், புதிதாக எதையும் கெடுக்கவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அதை எழுதியவனே நான்தான். இருந்தாலும் பதினோரு மணிக்கு நான் அந்த மேசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச்சில் உட்கார்ந்தவன், பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆனான். நான் அவனுக்கு மச்சான். டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, மூன்று பேரும் சேர்ந்து டேப்லெட் செய்யக் கிளம்பினோம். அதற்கு வைத்த செல்லப் பெயர்தான் பலகை. கேமரா கிடையாது, விளையாட்டு கிடையாது, மினுக்கு கிடையாது. இணையத்தைத் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். அவ்வளவுதான். அதன் வரைபடம், நிரல், திருகாணியின் அளவு வரைக்கும் எல்லாம் திறந்தே கிடக்கும். எவரும் பார்க்கலாம், மாற்றலாம், கெட்டுப்போனால் தாங்களே பிரித்துச் சரி செய்துகொள்ளலாம். ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிறவர் அதே பையில் இதையும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி விலை இருக்க வேண்டும் என்பான் மாப்பிள்ளை.

சொல்லும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. தொடுதிரை விற்கிறவரிடம் போனால், "எத்தனை ஆயிரம் எடுப்பீங்க?" என்பார். இருநூறு என்றால் உடனே டீ வரவழைப்பார்; குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள். கடைசியில், டிக்கெட் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று மூடும்போது மிச்சம் விட்டுப்போன கண்ணாடிகள் கிடைத்தன. மூன்று விதம், மூன்று குணம். மலிவான சார்ஜரைச் செருகினால் திரை குதிக்கும். மலிவான பசை வெயிலில் இளகும். மலிவான பொத்தான் உள்ளே போனால் திரும்பி வராது. எந்தக் கோளாறு வந்தாலும் மலிவின் தலையில் கட்டுவது எங்களுக்குப் பழகிப்போயிற்று. பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நிரல் எனக்கு. பயனர்களுக்கான கையேடும் கடிதங்களும் தங்கைக்கு. திரையைத் தொட்டுச் சோதிப்பது மாப்பிள்ளைக்கு. தினமும் ஒரு வட்டம் வரைந்து பதிவு செய்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பான். அவன் விரல் பதிவாகி வந்துகொண்டே இருந்ததால் இன்னொரு விரலைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானே கூட என் விரலை வைத்துப் பார்க்கவில்லை. பதிவுதான் இருக்கிறதே, விரல் எதற்கு என்கிற திமிர்.

ஒரு நாள் வட்டத்தின் ஓரம் நடுங்கியது. மறுநாளும் நடுங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரை விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். சார்ஜரை மாற்றினேன். கீழே டயருக்குக் காற்றடிக்கிற எந்திரத்தால் மேசை அதிர்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், இரண்டு நாள் எந்திரத்தை நிறுத்தியே வைத்தார். வட்டம் அப்போதும் நடுங்கியது. "கண்ணாடியே சரியில்ல மாப்ளே, குப்பை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து ஃபில்டர் ஒன்று எழுதினேன். தாறுமாறாக வருகிற புள்ளிகளைச் சராசரி பார்த்து, கோட்டை இழுத்து நேராக்குகிற சின்ன நிரல். ஒரு புதன்கிழமை அதைப் போட்டு ஓட்டினோம். வட்டம் வெண்ணெய் மாதிரி வந்தது.

மாப்பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மச்சான், நீ மனுஷனே இல்லடா" என்று என் முதுகில் ஓங்கி அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. நானும் பெருமையில் மிதந்தேன்.

எட்டு மாதம் கழித்து அவன் படியில் விழுந்தான். மூளையில் கட்டி என்றார்கள். "கை நடுக்கம் எப்பலேர்ந்து இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். "பத்து நாளாத்தான்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. "அப்படின்னா யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. முன்னாடியே இருந்து நீங்க வராம விட்டிருந்தாத்தான் தப்பு" என்றார் அவர். மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் தங்கை இந்த வாக்கியத்தைத்தான் சொன்னாள். யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். அழாமல் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்று நினைத்தேன். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வாரமே இருவரும் வேலைக்கு வந்துவிட்டோம்.

போன திங்கட்கிழமை வேறொரு தேசத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் உண்மைப் பெயர் தெரியாது. இணையத்தில் தன்னைத் 'துருப்பிடித்த ஆணி' என்று சொல்லிக்கொள்பவர். எங்கள் வரைபடத்தை வைத்து, அதே கண்ணாடிகளை வாங்கி, தன் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாற்பது பலகை செய்திருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். 'உங்கள் ஃபில்டரால் எழுத்து விரலுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது; பிள்ளைகள் எரிச்சல்படுகிறார்கள். அதை எடுத்துவிட்டு நாற்பது பேரை வட்டம் வரையச் சொன்னேன். ஒன்றிலும் நடுக்கம் இல்லை. கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இந்த ஃபில்டர்?'

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை யாரோ ஒரு ஆணி வந்து பிடுங்கச் சொல்கிறாராம். அவர் முகத்தில் கரி பூசுகிறேன் என்று, ஃபில்டரை நீக்கிவிட்டு மாப்பிள்ளையின் பதிவை ஓட்டினேன். வட்டம் நடுங்கியது. பார்த்தாயா என்று சொல்லிக்கொண்டே பலகையை என் பக்கம் இழுத்து, என் விரலாலேயே ஒரு வட்டம் போட்டேன்.

அது நடுங்கவில்லை. மூன்று விதக் கண்ணாடியிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் நடுங்கவில்லை.

பதிவில் விரல் பட்டது பட்டபடியே இருக்கும்; ஃபில்டர் திரையில் தெரிகிற கோட்டைத்தான் மாற்றும். பழைய பதிவுகளை எடுத்துத் தேதி வாரியாக ஓட்டினேன். ஃபில்டர் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் நான்கு மாதத்து வட்டங்கள் சுத்தமாக இருந்தன. ஐந்தாவது மாதம் ஓரத்தில் லேசான நெளிவு. அந்தப் புதன்கிழமை. அதற்குப் பிறகு, எங்கள் யார் கண்ணிலும் படாத வட்டங்கள். என் ஃபில்டர் நாள்தோறும் இழுத்து நேராக்கி எங்களுக்குக் காட்டிய வட்டங்கள். ஆறாவது மாதம், எட்டாவது மாதம், பத்தாவது மாதம். அவன் விழுவதற்கு முன் போட்டு, நாங்கள் ஓட்டிப் பார்க்காமலே விட்ட கடைசிப் பதிவில் கோடு தொடங்கிய இடத்துக்கு வரவே இல்லை. நான்கு தடவை முயன்று பார்த்துவிட்டு விரலை எடுத்திருந்தான். திரையில் யாருமில்லாமல் அந்தக் கோடு தடுமாறிக்கொண்டே போவதைப் பார்த்தபோது, அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று, சரியா வருதா மச்சான் என்று கேட்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பத்து நாளா? எட்டு மாதம். அவன் உடம்பு தினமும் எழுதிக் கொடுத்த கடிதத்தை நான் எடுத்துக் குப்பை என்று துடைத்திருக்கிறேன்.

அடுத்த மூன்று நாளும் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கழித்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாக்கியமும் போய்விடும். சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. எங்களுடையது திறந்த வீடு. கேள்வியும் எல்லார் கண்ணிலும் படுகிறது, பதிலும் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். போதாக்குறைக்கு, வருகிற கடிதத்தையெல்லாம் முதலில் படிப்பவளே அவள்தான். 'கண்ணாடியில் ஈரப்பதம்' என்று ஒரு பொய்யைத் தட்டினேன், அழித்தேன். 'மின்னழுத்த ஏற்ற இறக்கம்' என்று இன்னொன்று. அதையும் அழித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் திருகாணி டப்பாவை மூடிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆணிக்கு என்ன பதில் எழுதப் போறே, அண்ணா?"

"கண்ணாடியில ஏதோ ஈரம்மா. நான் பார்த்துக்கறேன், நீ விடு."

"வேண்டாம். நேத்தே நான் எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க சொன்னது சரி, ஃபில்டரை எடுத்துடுங்கன்னு."

"ஏன் போட்டீங்கன்னு கேட்டிருக்காரே."

"அதை அவருக்கு எழுதல. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்." அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நாளா நீ சாப்பிடாம சுத்தறதைப் பார்த்தாலே தெரியுது, அண்ணா. கண்டுபிடிச்சிட்டே, இல்லையா?"

"உனக்குத் தெரியுமா?"

"கை லேசா ஆடற மாதிரி இருக்குன்னு அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார், சொன்னா நீ வேலையை நிறுத்திடுவேன்னு. ஆஸ்பத்திரியில நேரம் வாங்கி வெச்சிருந்தார். வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு. முந்தின நாள் நீ சரி பண்ணிட்டே. வீட்டுக்குள்ள வந்ததும் என்னைத் தூக்கிச் சுத்தினார். கையில ஒண்ணும் இல்ல, கண்ணாடிதான் கோளாறு, மச்சான் கண்டுபிடிச்சிட்டான்னார்."

கீழே டயர் கடையில் யாரோ எதையோ போட்டு உடைத்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, வரலைன்னு சொல்லிட்டார்" என்றாள்.

"டாக்டரம்மா கேட்டப்போ நீ வாயைத் திறக்கவே இல்லையே."

"நீ பத்து நாள்னு சொன்னே. அதை நீ நம்பித்தான் சொன்னே. உன்னைப் பார்த்துக்கிட்டே அதை எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

"வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டேயும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னியேம்மா."

"நீ பக்கத்துல இருக்கும்போதுதான் சொன்னேன்."

நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாளாக நான் இவளைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்ட அழுகை வந்தது. "நான்தாம்மா அவனைக் கொன்னேன்" என்றேன். சொல்லிவிட்டபின் அந்த வார்த்தை அறையிலேயே நின்றது.

"இல்ல" என்றாள். அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவர் நல்ல சோம்பேறி, உனக்குத் தெரியாதா? நேரம் குறிச்ச சீட்டை எங்கேயோ தொலைச்சிட்டார், தானா தேடவும் மாட்டார். ஆஸ்பத்திரி ஃபோன் நம்பர் அதுலதான் இருந்தது. வரலைன்னு சொல்ல அது கிடைக்காட்டி, வாங்கின நேரத்தை ஏன் விடணும்னு மறுநாள் சும்மாவாவது போயிட்டு வந்திருப்பார். நான்தான் அண்ணா அலமாரியெல்லாம் புரட்டிப் போட்டு, அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்."