பணிவுச் செம்மல்

காமயகவுண்டன்பட்டிக் கர்ணன் தலை குனிந்த கதையைச் சொல்லுமுன், அவர் குனியாத கதையைச் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீட்டில் யாராவது கும்பிட்டால் மோவாயை அரை விரற்கடை உயர்த்துவார். அதுதான் பதில் கும்பிடு. மாமனார் வீட்டு நிலைவாசல் தாழ்வு என்பதால், தாலி கட்டிய பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் உள்ளே போனதில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டுக் கறிச்சோறு வைப்பார்கள். அவர் மனைவி முத்துப்பேச்சிக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அந்தத் தலை குனிந்தது.

நிமிர்ந்தால் உச்சியில் கோடரி இறங்குகிற வலி. குனிந்தால் மடை திறந்த மாதிரி வடிந்துவிடும். திராட்சைப் பந்தல் தாழ்வு, அதற்கடியில் குனிந்தே நடக்க வேண்டும். அதனால் தோட்டத்தில் மட்டும் அவருக்கு நோவு இல்லை. கடைசியில் தெரு, பஸ், கோயில் எங்கேயும் பந்தல் போட்டிருப்பது போலவே நடக்க ஆரம்பித்தார். இரண்டு தடவை கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தார். நினைவு தப்பவில்லை. கால் மட்டும் இல்லாமல் போனது.

"மதுரைக்குப் போய்க் காட்டுவமே," என்றாள் முத்துப்பேச்சி.

"எனக்கென்ன கேடு? நோவு கீவுன்னு வெளிய மூச்சு விட்ட, பாத்துக்க."

ஊர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. வரப்புத் தகராறில் ஆறு வருஷம் முகம் கொடுக்காத பங்காளி சுருளியாண்டி, தன் முன்னால் கர்ணன் தலையைத் தொங்கவிட்டு நின்றதைப் பார்த்துக் கண் கலங்கி, வரப்பையே விட்டுக்கொடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் நேராகவே கேட்டாள்.

"என்னத்தத்தா அரைச்சுக் குடுத்த உம் புருசனுக்கு? எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு உருண்ட உருட்டிக் குடேன்."

கர்ணன் மறுக்கவில்லை. நோயாளி என்று பேர் வாங்குவதற்குப் பணிவானவர் என்று பேர் வாங்குவது மேல் என்று இருந்துவிட்டார்.

பேர் தேனிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜவுளிக்கடை குருசாமி நற்பண்பு மன்றம் ஒன்று நடத்தி வந்தார். மன்றத்துக்கு நற்பண்பு இருந்ததோ என்னவோ, சொந்தமாக மைக் செட் இருந்தது. வருஷத்துக்கு ஒருவருக்குப் பட்டம். பொறுமைக்கும் வாய்மைக்கும் ஆள் பிடித்தாகிவிட்டது. பணிவுக்குத்தான் ஆள் அகப்படாமல் இருந்தது. கர்ணனைப் பார்க்க வந்தவர், தன் செருப்பையே அரைமணி நேரம் உற்றுப் பார்த்துப் பேசிய மனிதரைக் கண்டு சொக்கிப்போனார். பங்குனியில் விழா என்று நோட்டீஸ் அடித்தாயிற்று.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் கர்ணன் வாய்க்கால் கரையில் விழுந்தார். முத்துப்பேச்சி அவர் பேச்சைக் கேட்காமல் மதுரைக்குக் கூட்டிப் போனாள். தலைக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார்கள்.

"உங்க ஊர்ல என்ன விளையுது?" என்றார் டாக்டர்.

"திராட்சைங்க."

"அப்பச் சொல்றது சுலபம். மூளைக்கு நடுவுல நீர் ஓடுற மூணாவது அறை ஒண்ணு இருக்கு. அதோட வாசல்ல திராட்சப்பழம் மாதிரி ஒரு கட்டி தொங்குது. குனிஞ்சா விலகுது, நிமிந்தா அடைக்குது. அடைச்சபடி நின்னுட்டா ஆள் போயிரும். இன்னைக்கே படுத்துருங்க, எடுத்துருவோம்."

"பன்னீர் திராட்சையா, விதையில்லாததா?" என்றார் கர்ணன் தரையைப் பார்த்து. பிறகு, "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வாரேன். நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அது நோட்டீஸெல்லாம் படிக்காதுங்க."

தன் பொறுப்பில் போவதாகக் கர்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் அவள் கெஞ்சினாள். "பட்டத்தப் பெறகு வாங்கிக்கிறலாம். நோவுன்னு குருசாமி அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிர்றேன்."

"நோவுன்னு தெரிஞ்சா பட்டத்த எதுக்குடி குடுப்பாக?"

பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி அவள் மனசு மரத்துப்போனது. ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஏழு பேர் பணிவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒருவரும் அடுத்தவருக்கு மைக்கைப் பணிந்து கொடுக்கவில்லை. பொன்னாடை போர்த்தியதும் போட்டோ பிடிக்க வந்த ஜேசுராஜ், "கொஞ்சம் நிமிருங்கய்யா, முகமே விழல," என்றான்.

"ஏம்ப்பா, நிமிந்தா பட்டத்துக்குப் பொருந்துமா? அப்பிடியே எடு," என்றார் குருசாமி.

பிறகு ஏற்புரை. மைக் கம்பம், திருகு துருப்பிடித்து, அவர் வாய் உயரத்துக்கு இறங்க மறுத்தது. "மைக்கப் பாத்துப் பேசுங்க," என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் பக்கமிருந்து முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாசத்துக்குப் பிறகு அந்த மோவாய் மேலே எழும்பியது.

"நான்…" என்றார் கர்ணன்.

அவ்வளவுதான். முழங்கால் மடங்கி முகங்குப்புற விழுந்தார்.

குருசாமி மைக்கைப் பாய்ந்து பிடித்தார். "பாருங்கள்! மக்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார் நம் பணிவுச் செம்மல்!"

மைதானம் கைதட்டியது. அந்தத் தட்டலுக்கு நடுவே முத்துப்பேச்சி மேடைக்கு ஓடினாள். "கை தட்டாதீக, கை தட்டாதீக," என்று அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. புரட்டிப் போட்டபோது அவர் கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் யாரோ ஜீப்பைக் கொண்டுவந்தார்கள்.

ஆள் பிழைத்தார். "கட்டிய எடுத்தாச்சு," என்றார் மதுரை டாக்டர். "பழைய ஞாபகம் இருக்கும். இந்த நோவு வந்ததுல இருந்து எதுவும் இருக்காது. இனி புதுசும் ஒட்டாது. அன்னைக்கே படுத்திருந்தா இம்புட்டு ஆகியிருக்காது."

கர்ணன் மொட்டைத் தலையோடு, நிமிர்ந்து ஊர் வந்தார். "பட்டம் கைக்கு வந்ததும் பழைய திமிரு திரும்பிருச்சு பாரு," என்றது ஊர். சுருளியாண்டி வரப்பில் மறுபடி முளைக்குச்சி அடித்தான். குருசாமி போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார்.

"என்னைத் தெரியுதுங்களா?"

"மைக் செட்டுக்காரரா? இப்ப விசேசம் ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க."

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அதே பதில். அதோடு நிறுத்திக்கொண்டார்.

தினமும் காலையில் கர்ணன் போட்டோ முன்னால் நிற்பார். "யாரு பேச்சி இது? இம்புட்டுப் பேருக்கு முன்னால தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு?"

"நீங்கதான்," என்று முதல் மாசம் முழுக்கச் சொன்னாள். கோடரி வலியிலிருந்து கைதட்டல் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மத்தியானச் சோற்றுக்குள் மறந்துபோகும். மறுநாள் காலையில் அந்த அடி புதிதாக விழும்.

வைகாசியில் ஒருநாள். தோட்டத்தில் பழம் பறிக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் கூடையைத் தலையில் வைக்கையில் அவர் கேட்டார்.

"யாரு பேச்சி இது?"

"தெரியல. தேனிப் பக்கத்து ஆளு போல."

கர்ணன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்மளத்தான் கும்பிடுறாரு போல," என்றார். பிறகு மோவாயை அரை விரற்கடை உயர்த்தினார்.