நடந்து போன சீதன வீடு

நிக்காஹ் ஓதப்போகும் நேரத்தில் சீதன வீடு எழும்பி வாவியை நோக்கி நடக்கத் தொடங்கியது. தொலைக்காட்சியில்தான். அட்டையால் செய்த வீடு. அடியில் ரோமம் அடர்ந்த இரண்டு கால்கள் தெரிந்தன. மாப்பிள்ளை தோணியில் ஏறி, "வீடே, கோவிக்காம வா" என்று கெஞ்சிக்கொண்டு பின்னால் போனார். வீடு ஜன்னல் மட்டத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று ஜன்னலைச் சாத்தியது.

ஹோலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸுஹைனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்தக் கூத்தை எழுதியவளே அவள்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. கொழும்புக்கு ஏதோ டைப் அடித்து அனுப்புகிறாள் என்று நினைத்திருந்தார்கள். அடுத்த வாரம் தொடக்கம் எழுதியவர் என்று உங்கள் பேரைப் போடுவதா வேண்டாமா, இன்றைக்கே சொல்லுங்கள் என்று தயாரிப்பாளர் செய்தி அனுப்பியிருந்தார். வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள். அதுவோ, தன் புடவைக் கடையில் விலையில் கழிவு கேட்கிறவரைப் பார்க்கும் முகமாக இருந்தது.

இருக்காதா பின்னே? பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும் என்பது காத்தான்குடி வழக்கம். வாப்பா அசனார் இவளுக்காக வாவிக்கரை வளவில் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார். கடையின் பெருநாள் லாபமெல்லாம் அங்கேதான் சுவராக ஏறியது. அந்த வீட்டைத்தான் மகள் கேலி செய்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டால்? சத்தியமாக அவளுக்கு அந்த எண்ணமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்க்குமுன் அந்த வீட்டு டைல்ஸைப் பார்த்த எரிச்சலில் எழுதியதுதான்.

"விசர்ப் புரோகிராம்" என்று அக்காவின் மாப்பிள்ளை நௌஷாட் ரிமோட்டைத் தேடினார்.

"பொறுங்க மருமகன்" என்றார் உம்மா. "உப்புத் தண்ணிக்குள்ள நிண்டா கம்பியெல்லாம் கறள் புடிச்சிருமே. அந்தப் புள்ளைக்கு இனி வேற வீடு கட்டிக் குடுப்பாங்களா?" உம்மாவின் கவலை உண்மையானது. ஸுஹைனா சிரிப்பை விழுங்கினாள்.

வாப்பா தொண்டையைச் செருமினார்.

"வீடு போனது சரி. புள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கணும். அவள விட்டுட்டு வீடு மட்டும் போய் என்னத்துக்கு?"

இப்படி ஒரு பேச்சை அவள் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு நிறைந்து வந்தது. இனி மறைத்து என்ன?

"அத எழுதினது நான்தான் வாப்பா."

உம்மா வாயில் கையை வைத்தார். அசனார் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா?"

"ஓம்."

"அப்ப உனக்கு வீடு நடக்கிற விதமே தெரியா" என்று எழும்பினார். "உனக்குக் கட்டுற நம்மட வீடு, அடுப்பு, தொட்டியெண்டு குசினிப் பக்கம் பாரம். அது இந்த மாதிரி நேரா நடக்க ஏலாது."

சாரனை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இடது தோளைச் சரித்து, கன்னத்தை உப்பி, ஹோலுக்குக் குறுக்கே ஓரடி வைத்தார். பிறகு இன்னோரடி. உம்மா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. ஸுஹைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் தயாரிப்பாளருக்கு "பேரைப் போடுங்க" என்று அடித்தாள்.

வாப்பா வாசற்பக்கம் திரும்பினார். நௌஷாட் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு எழுந்து, வீடு போவதற்கு வழிவிட்டு, கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்தார்.